ஓடுகிற மில்லில் மாற்றிய வரிசை

போன வெள்ளிக்கிழமை எங்கள் மாவு மில்லில் வரிசைச் சட்டத்தை மாற்றினேன். ஒரே காலையில் இரண்டு தடவை. மோட்டாரை நிறுத்தாமலே!

எல்லாம் என் மாமன் மகன் தண்டபாணியால் வந்தது. கோயமுத்தூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் இருக்கிறதாம் – ரூம் முழுக்க ஒரே மெஷின். ஓட்டை போட்ட அட்டைகளை அதற்கு ஊட்டுவதுதான் இவன் உத்தியோகம். லீவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் சித்தூருக்கு வந்தவன் மில் வாசலில் நின்று சிரித்தான்.

"என்ன மச்சான், இன்னும் வந்த வரிசைதானா? எங்க மெஷின்ல எந்த வேலை முந்தி, எது பிந்தினு ஓடற ஓட்டத்துலயே மாத்திப்போடுவோம்."

எட்டாம் கிளாஸோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனிடம் இப்படிச் சொல்லலாமா? கை அரித்தது.

எங்கள் மில்லில் ஆள் நிற்பதில்லை. தூக்கு, டின், வாளி... பாத்திரங்கள்தான் வரிசையில் நிற்கும். அன்றைக்குப் பதினாலு. பதினைந்தாவதாக வந்தது பொன்னம்மா அக்காவின் வாளி. நாலு படி அரிசி. மறுநாள் பாலக்காட்டில் மகளுக்கு வளைகாப்பு. முறுக்கு மாவோடு பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அப்போது மணி பதினொன்று.

"கண்ணு, இந்த பஸ்ஸை உட்டாப் பொறவு சாயங்காலந்தான். சம்பந்தி ஊட்டுல என்ற மானம் போயிரும்."

"சின்ன வேலை முந்தினு மாத்து மச்சான்," என்றான் தண்டபாணி.

அறிவித்தேன். சின்ன டின்காரர்கள் கைதட்டினார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் தட்டவில்லை. நேரே டீக்கடைக்குப் போய் எட்டு தூக்கு இரவல் வாங்கிவந்து, தன் அரை மூட்டை ரேஷன் கோதுமையைப் பிரித்துக் கொட்டினார்.

"ஏனுங்க மொதலாளி, இப்ப நானும் சின்ன வேலைதானுங்க!"

விடுவார்களா மற்றவர்கள்? பத்தே நிமிஷத்தில் பதினைந்து பாத்திரம் முப்பதாகிவிட்டது. அக்காவின் வாளி இன்னும் கடைசியில்தான்.

மணி பதினொன்றரை. அக்காவின் கண்ணில் தண்ணீர்.

"சரி, எல்லாரும் சமம்!" என்று கத்தினான் தண்டபாணி. "ஒரு சுத்துக்கு ஆளுக்கு ரெண்டு படி. கடைசியில இருந்து சுத்திக்கிட்டே வா!"

பிரமாதம்! கடைசி என்றால் அக்காதானே?

இல்லை. மூலையில் ஓட்டல்காரர் ராமசாமியின் டின் ஒன்று காலையிலிருந்தே காத்திருந்தது. மிளகாய். தானியமெல்லாம் முடிந்து, மதியத்துக்கு மேல்தான் எங்கள் கல்லில் மிளகாய் விழும். அதனால் அது எப்போதும் கடைசி.

"எல்லாரும் சமம்னா எனக்குந்தானுங்களே?" என்றார் ராமசாமி. சட்டம் சட்டம்தான். கொட்டினேன்.

அடுத்து நடந்ததை எப்படிச் சொல்ல? கவுண்டர் தும்மினார். தண்டபாணி தும்மினான். தெருவில் போன மாடு தும்மியது. அரை நிமிஷத்தில் மில்லே காலி!

நின்றது ஒரே ஒரு ஆள். முந்தானையை மூக்கில் சுற்றிய பொன்னம்மா அக்கா.

"ஆருமில்ல கண்ணு. போடு!"

நாலு படியும் ஒரே மூச்சில் இறங்கியது – இளஞ்சிவப்பாக. கல்லைத் துடைக்க நேரமேது? பஸ் ஹாரன் அடித்தது. அக்கா ஓடினார். பஸ் கிடைத்தது. மானம்?

திங்கட்கிழமை வாசலில் அக்காவின் குரல். நான் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒளியாத, வெளிய வா. சம்பந்தியம்மா பத்து முறுக்குத் தின்னுபோட்டு, எந்த மில்லு மாவுனு கேக்கறாங்க. இந்தா, இன்னும் ரெண்டு படி. மொளகாய்க்குப் பொறவு போடு!"

வரிசையை மாற்றுவது சுலபம். பழைய வரிசை எதற்காக இருந்தது என்பது மூளையைவிட மூக்குக்குத்தான் முதலில் தெரிகிறது.

தண்டபாணிக்குக் கார்டு போட்டிருக்கிறேன். ஒரே கேள்விதான் – "உங்க மெஷின்ல மொளகாய்க்கு எத்தனை மணி மச்சான்?"