உப்பிப்போன மீன் டப்பா

சூப்பர் மார்க்கெட்டுக்குள் லூபே கால் வைத்தால் கல்லாவில் இருக்கும் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் ஓடப் பார்ப்பார்கள். ஓடத் தெரிந்தவள் தப்பினாள். மாட்டிக்கொண்டவள் பதில் சொல்ல வேண்டும். அலமாரியில் ஒட்டியிருக்கும் விலை கல்லாவுக்கு வருவதற்குள் ஏன் வளர்ந்துவிடுகிறது? ரொட்டி ஏன் வாராவாரம் இளைக்கிறது? ராத்திரியில் குளிர்பெட்டியை அணைத்துவிட்டுக் காலையில் போடுகிறீர்களா, இல்லையா? கோழிக்கால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கிறதே, உருகாமல் எப்படி ஒட்டும்?

உபோலுத் தீவின் தென்கரையில் ஏழெட்டு ஊர்களுக்கு அந்த ஒரு கடைதான். எல்லோருக்கும் அதன்மேல் மனக்குறை உண்டு. ஆனால் சமோவாவில் கடைக்காரனைத் திட்டுவது லேசான காரியமில்லை. மேலாளர் ஃபெரெத்தி ஒருவருக்கு மச்சான், ஒருவருக்கு ஞானப்பிள்ளை, இன்னொருவருக்குப் பாடகர் குழுவில் பக்கத்து நாற்காலி. அதனால் ஊர்ப் பெண்கள் குறைகளை வீட்டில் அழுதுவிட்டு, தீர்க்கும் பொறுப்பை லூபேயிடம் விட்டுவிடுவார்கள். "கடைக்குத்தானே போற? அப்படியே என் பால் பவுடரையும் சொல்லிரு. புழு இருந்துச்சுன்னு சொல்லு, என் பேரைச் சொல்லாதே." சம்பளம் இல்லாத வக்கீல். லூபேக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. முட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். டப்பாவில் தேதி பார்க்காமல் அவள் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை.

ஒரே ஒரு சாமானைத் தவிர. சாவுக்குக் கொண்டுபோகும் மீன் டப்பாப் பெட்டி.

அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்த பெட்டிக்கு மரியாதை கிடையாது. முழுப்பெட்டியாகத் தோளில் சுமந்து போய்ச் சாவு வீட்டு முற்றத்தில் இறக்கினால், ஊர் சார்பில் பேசும் பேச்சாளர் கோலை ஊன்றி நின்று, கொடுத்த குடும்பத்தின் பெயரைக் கடல்வரைக்கும் கேட்கும்படி கூவுவார். அன்று மாலையே சாவு வீட்டார் அப்படி வந்த பெட்டிகளில் ஒன்றைப் போதகருக்கும் ஒன்றைப் பேச்சாளருக்கும் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வீட்டில் அது கொஞ்ச நாள் இருந்துவிட்டு அடுத்த சாவுக்குப் புறப்படும். உள்ளே இருக்கும் மீனை ஒருவர் தின்பார் என்று பெட்டியே எதிர்பார்த்திருக்காது.

ஊரின் பெரிய தலைவருடைய தாயார் இறந்தபோது லூபே, சூப்பர் மார்க்கெட்டில் இருந்ததிலேயே பளிச்சென்ற பெட்டியாக எடுத்தாள். மேலே புது டேப் மின்னியது. அழகுக்குச் சிவப்புத் துணி ஒன்றையும் குறுக்கே கட்டினாள். காரணம் இருந்தது. அவள் புருஷன் இயோசேஃபாவுக்கு அடுத்த மாதம் குடும்பத் தலைவர் பட்டம் கட்டுவதாக ஊர்ச்சபை ஒருவாறு முடிவு செய்திருந்தது. அவனுடைய பெரியப்பா மகன் பௌலோவும் அதே பட்டத்தின்மேல் கண் வைத்திருந்தான். முடிவைச் சொல்ல வேண்டியவர் தாயைப் பறிகொடுத்த அந்தப் பெரிய தலைவர்தான்.

சிவப்புத் துணி கட்டிய பெட்டி அன்று மாலை போதகர் வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெளியூர்ப் போதகர்கள் நாலு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கறி போதவில்லை. போதகரம்மா வெள்ளை உடுப்போடு, தொப்பியைக்கூடக் கழற்றாமல், அந்தப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து ஒரு டப்பாவை எடுத்துத் திறப்பானை அழுத்தினார்.

டப்பா வெடித்தது. சாறு போதகரம்மாவின் மார்பிலிருந்து தொப்பிப் பூவரைக்கும் ஏறியது. நாற்றத்தில் வெளியூர்ப் போதகர்கள் நன்றி ஜெபத்தை நடுவிலேயே முடித்துக்கொண்டார்கள்.

மாலை ஆராதனைக்கு ஊரே நடந்து போகும் நேரம் பார்த்து, அந்தப் பெட்டி லூபேயின் வாசலில் இறக்கப்பட்டது. சிவப்புத் துணி அப்படியே இருந்தது. பின்னாலேயே செய்தியும் வந்தது: செவ்வாய்க்கிழமை ஊர்ச்சபை. பெரிய தலைவர் ஒரே வாக்கியம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். "என் தாய்க்கு அழுகின மீன் கொண்டுவந்தவன், இந்தச் சபையில எனக்குப் பக்கத்துல உட்காரப் போறானா?"

இயோசேஃபா சாப்பிடவில்லை. விளக்கையும் போடவில்லை. "நீதான் முட்டையை ஆட்டிப் பார்த்து வாங்குறவளாச்சே" என்றான், ஒரே ஒரு தடவை.

திங்கட்கிழமை காலை அவள் பெட்டியைப் பேருந்தில் ஏற்றினாள். வழக்கமாக அந்த மரப் பேருந்தில் ஒருவர் மடியில் இன்னொருவர் உட்கார்ந்துதான் போவார்கள். அன்று லூபேயின் இருபுறமும் நல்ல காற்றோட்டம்.

"என்ன லூபே, மீனுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிட்டியா?" முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அது தானா நடந்து வரும் போலிருக்கே, எதுக்கு டிக்கெட்?" என்றாள் இன்னொருத்தி. பால் பவுடரில் புழு பார்த்தவள்.

லூபே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஃபெரெத்தி நாளைக்குச் சபைக்கு வர வேண்டும். தலைவர்களுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, "தப்பு எங்க கடையோடது" என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் இந்தப் பெட்டியை அவன் மேசைமேல் வைத்து, எல்லா டப்பாவையும் ஒவ்வொன்றாகத் திறப்பதாக உத்தேசம். திறப்பானையும் எடுத்து வந்திருந்தாள்.

அவளைக் கண்டதும் கல்லாப் பெண்கள் மூவரும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஃபெரெத்தி தப்பிக்க வழியில்லாமல் தன் கண்ணாடி அறையில் மாட்டிக்கொண்டான். லூபே பெட்டியை விலைச்சீட்டுகளுக்கு மேலேயே இறக்கினாள்.

"அக்கா, இது என்ன?"

"என்னவா? உன் கடை மீனு. உனக்கே அடையாளம் தெரியலையா?"

"இந்தக் கம்பெனி மீன் நம்மகிட்ட வந்து வருஷக்கணக்காச்சுக்கா. இப்ப நாங்க வாங்குறதே வேற கம்பெனி. வேற எங்கயாவது வாங்கியிருப்பீங்க."

"வேற எங்க தம்பி வாங்குவேன்? கடலுக்குள்ளயா? உன் கடை ரெண்டாவது வரிசை, சோப்புக்குப் பக்கத்துல. என்னையே ஏமாத்தப் பார்க்குறியா? டேப்பு மட்டும் புதுசா ஒட்டியிருக்கே, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு இப்ப பார்ப்போம்."

நகத்தால் டேப்பைக் கிழித்தாள். அடியில் தேதி இருந்தது. டப்பாவில் இருந்த அதே பழைய தேதி. ஃபெரெத்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"மறைச்சு ஒட்டியிருக்கீங்க" என்றாள் லூபே. "நாளைக்கு நீ சபைக்கு வர்ற."

"அக்கா, கொஞ்சம் மெதுவா."

"மெதுவா என்ன மெதுவா? என் வீட்டுக்காரன் பட்டம் போகப்போகுது. இன்னும் பாரு, அடியிலயும் என்னென்ன ஒட்டி வச்சிருக்கீங்களோ."

பெட்டியைப் புரட்டினாள். அடியில் டேப் எதுவும் இல்லை. மூலையில், சுண்டுவிரல் அகலத்துக்கு, ஒரு கோடு. பச்சை. ஜிகினா கலந்த பச்சை. சன்னல் வெளிச்சத்தில் மினுமினுத்தது.

லூபே அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

அந்தப் பச்சை தீவிலேயே ஒரு வீட்டில்தான் இருந்தது. அவள் வீட்டில். ஆக்லாந்திலிருந்து நாத்தனார் அனுப்பிய நகப்பூச்சு. மகள் சிலியா அதைப் பூசிக்கொண்டு ஞாயிறு பள்ளிக்குப் போன அன்றே, தேவனுடைய வீட்டுக்கு இது ஆகாது என்று போதகரம்மா புட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்தப் பச்சை இங்கே, பெட்டிக்கு அடியில்.

ஃபெரெத்தி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கண்டுபிடித்துவிட்டதைப் புரிந்துகொண்டான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு நாற்காலியில் சரிந்தான்.

"காணிக்கையா வர்ற பெட்டியெல்லாம் வீட்டுல வச்சா பிள்ளைங்க திருடித் தின்னுடுதாம். அதுக்குப் போதகரம்மா அடையாளம் போடுறாங்க. நாலஞ்சு சேர்ந்ததும் அவங்க பின்வாசலுக்கு எங்க வண்டி போகும். விலை கொடுத்து எடுத்துக்குவோம். இன்னைக்கு நேத்து வழக்கமா இது? எல்லா ஊருலயும் எடுக்குறோம்."

"எடுத்து, டேப் ஒட்டி, முன்வாசல்ல எங்களுக்கே விக்கிறீங்க."

"பிரிக்கவே மாட்டீங்கன்னு நினைச்சோம்க்கா" என்றான் அவன். அதில் பொய் இல்லை. "சரி, நாளைக்கு வரேன். தப்பு கடையோடதுன்னு சொல்றேன். ஆனா தலைவருங்க கேப்பாங்க, பெட்டி உன் கடைக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு. அவங்க முன்னால உட்கார்ந்து நான் பொய் சொல்ல முடியாது. நீங்களே சொல்லுங்க, வரட்டுமா?"

கேட்டு வந்தது கையில் கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை. ஊர்ச்சபையில் போதகரம்மாவின் பெயர் கெட்டால், காரணமான குடும்பத்துக்கு அதற்குப் பிறகு பட்டமாவது ஒன்றாவது. வீட்டில் ஒரு ஞானஸ்நானம் நடக்காது, ஒரு சாவு எடுபடாது.

"வேண்டாம்" என்றாள் லூபே. தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கடையை விட்டுக் குறை சொல்லாமல் வெளியே வந்தாள். கல்லாப் பெண்கள் அதைப் பார்த்துத்தான் உண்மையில் பயந்தார்கள்.

புருஷனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. கோபம் வந்தால் அவன் வாய் சபையில் நிற்காது. இரவெல்லாம் அவன் புரள்வதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

செவ்வாய்க்கிழமை. சுவரில்லாத சபை மண்டபம். தூணுக்கு ஒரு தலைவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காயம்பட்டவர் என்ற முறையில் போதகரம்மா ஒரு பக்கம், விசிறியோடு. குற்றவாளிகள் நடுவில். கடைசி வரிசையில் பௌலோ, துக்கத்துக்கு வந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. லூபே பெட்டியையும் தூக்கி வந்திருந்தாள். அதைப் பார்த்துச் சிலர் மூக்கைப் பொத்தினார்கள்.

"அதை எதுக்கும்மா இங்க கொண்டாந்தே?" பெரிய தலைவர் கேட்டார்.

"பெட்டியைப் பத்தித்தானே ஐயா விசாரணை. அதுவும் இருக்கட்டும்."

"கடைக்காரன் மேல பழி போடப்போறியா? போய்ச் சண்டை போட்டுட்டு வந்தியாமே."

"இல்லைங்க ஐயா. கடைமேல எனக்கு ஒரு குறையும் இல்லை."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. லூபே வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை யாரும் கேட்டதில்லை. இயோசேஃபா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான், கைவிட்டுவிட்டாயா என்பதுபோல.

லூபே பெட்டியைத் தூக்கி, போதகரம்மா உட்கார்ந்திருந்த பாய்க்கு எதிரே தலைகீழாக வைத்தாள். வெயில் தூண்களுக்கு இடையே சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பச்சைக் கோடு எரிந்தது.

"தப்பு என்னோடதுதான்" என்றாள். "புதுசுன்னு நினைச்சுட்டேன். புரட்டிப் பார்க்காம விட்டுட்டேன். இப்பத்தான் நல்லாப் பார்த்தேன். போதகரம்மாவும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னா போதும். அவங்க என்ன சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்."

விசிறி நின்றது.

போதகரம்மா பெட்டியின் மூலையைப் பார்த்தார். பிறகு லூபேயின் பின்னால், மண்டபத்துக்கு வெளியே, வெறும் நகங்களோடு நின்றிருந்த சிலியாவைப் பார்த்தார். அவருடைய கழுத்து மெல்லச் சிவந்தது. லூபே தன் கைகளை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். போதகரம்மா வீம்புக்கு நின்றால், அடுத்த வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும். அந்த வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. அதை ஒரு தடவை துப்பிவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

"வெயில்" என்றார் போதகரம்மா.

"என்னம்மா?" பெரிய தலைவர் காதைக் கொடுத்தார்.

"வெயில்தான் காரணம். எங்க சமையக்கட்டுல அடுப்புக்குப் பக்கத்துல வச்சுட்டேன். சூடு தாங்கலை. இந்தப் பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்லை. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." விசிறி மறுபடி அசைந்தது, முன்னைவிட வேகமாக.

பெரிய தலைவர் ஒன்றும் கண் தெரியாதவர் இல்லை. பெட்டியைப் பார்த்தார், போதகரம்மாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவர் வீட்டுப் பின்கட்டிலிருந்தும் ஒரு வண்டி போகிற வழக்கம் உண்டு என்று ஃபெரெத்தி சொல்லியிருக்கவில்லை. ஆனால் கூரையைப் பார்த்த விதத்தில் லூபே புரிந்துகொண்டாள்.

"போதகரம்மாவே சொன்ன பிறகு என்ன இருக்கு? பட்டம் அடுத்த மாசம் முடிவு பண்ணினபடி" என்றார் அவர். இயோசேஃபா தரையில் கை ஊன்றிக்கொண்டான். பௌலோவின் துக்கம் இப்போது நிஜமாகிவிட்டது. "ஆனா சபை கூடியாச்சு. கூடின சபை வெறுங்கையோட எழுந்திரிக்கக் கூடாது. மரியாதைக்கு ஒரு பெட்டி மீன் அபராதம்."

அபராதப் பெட்டியை வாங்க லூபே அதே கடைக்குத்தான் போனாள். வேறு கடை ஏது? ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டினாள். ஃபெரெத்தி பக்கத்தில் நின்று, "அக்கா, ஆளுங்க பார்க்குறாங்க" என்று கெஞ்சினான். நடுவில் விலை வேறு ஏறியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரம்மா சிலியாவைக் கூப்பிட்டு, கைக்குட்டையில் சுற்றிய புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். சிலியா வீட்டுக்கு வந்து அதை ஆட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது காலி. அடியில கொஞ்சூண்டுதான் இருக்கு. அவங்க நகத்துல பூசினதே இல்லையே, எல்லாம் எங்க போச்சு?"

"நல்ல காரியத்துக்குப் போச்சு. இங்க கொடு."

பட்டம் கட்டும் நாளில் முதல் பெட்டி போதகருக்கு. அதுதான் முறை. லூபே அதை முந்தின நாளே தனியாக எடுத்து வைத்திருந்தாள். புதுப் பெட்டி, புதுத் தேதி, அவளே பார்த்து வாங்கியது. சுமக்கிற ஆள் வருவதற்குள் அதைப் புரட்டிப் போட்டாள். புட்டியின் தூரிகையைச் சுரண்டிச் சுரண்டி, மூலையில் பச்சையாக ஒரு கோடு இழுத்தாள். போதகரம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம். ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு பெட்டியை நிமிர்த்தி, மேலே சிவப்புத் துணியைக் கட்டினாள்.