ஒல்லாந்து விஸ்கிக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதம், எங்கள் அம்மன் கோவில் சடங்கு நடந்துகொண்டிருந்த வாரத்தில் நடந்தது இது. மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் மதுச்சாலைப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். பதினாறு வருட அனுபவம். கிளாஸை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தாலே அந்த விஸ்கிக்கு எத்தனை வயது, என்ன பீப்பாயில் கிடந்தது என்று முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிடுவேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அந்த வாரம் ஒல்லாந்து, அதாவது நெதர்லாந்து நாட்டுக்காரர் ஒருவர் மனைவியோடும் நண்பரோடும் வந்து தங்கியிருந்தார். அறுபது வயது இருக்கும். அவருடைய ஊரில் சின்ன விஸ்கி வடிசாலை ஒன்றுக்குப் பங்காளி. ஒல்லாந்துக்காரர் நம் ஊரில் கோட்டை கட்டினது தெரியும், சிங்கிள் மோல்ட் விஸ்கியும் காய்ச்சுவார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். முளைவிட்ட பார்லியை மட்டும் வைத்து, ஒரே வடிசாலையில் காய்ச்சி, வருடக்கணக்காக மரப் பீப்பாயில் போட்டு வைக்கிற சரக்கு அது.

அவர் பெட்டிக்குள் மூன்று சின்னப் போத்தல்கள் வைத்திருந்தார். மூன்று பீப்பாய்களிலிருந்து எடுத்த மாதிரிகள். ஒன்று ஐந்து வயது, மற்றது ஒன்பது, கடைசி பதினேழு. மூன்றில் ஒன்றைத் தனியாகப் போத்தலில் அடைத்துப் பெயர் போட்டு விற்கப் போகிறார்கள், மிச்சம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். எது தனி என்று இவர்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்ல வேண்டும், அங்கே ஆட்கள் பீப்பாயைத் திறக்கக் காத்திருக்கிறார்கள் என்றார். பதினேழு வயதுப் பீப்பாய், அவர் அந்தத் தொழிலுக்குள் கால் வைத்த வருடம் தன் கையாலேயே நிரப்பியது. அதைச் சொல்லும்போது மனிதருக்குக் குரலே மாறிவிட்டது.

எங்கள் மனேஜருக்கு இதைக் கேட்டதும் சந்தோஷம். பின்னேரம் வாவியைப் பார்த்த மண்டபத்தில் ருசி பார்க்க ஏற்பாடு செய்யச் சொன்னார். இது நல்லபடியாக நடந்தால் மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு விருந்தினருக்கு இப்படி வைக்கலாம், முழுப் பொறுப்பும் உனக்குத்தான் என்றும் சொன்னார். எனக்குக் காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். சடங்கு தொடங்கக் கல்யாணக்கால் நட்டதிலிருந்து கடைசிநாள் குளிர்த்தி முடியும்வரை எங்கள் வீட்டில் மீன் இறைச்சி கிடையாது, ஒரு சொட்டு மதுவும் நாக்கில் படக்கூடாது. போத்தலைத் தொட்ட கையோடு உள்ளே வர வேண்டாம், கிணற்றடியில் குளித்துவிட்டு வாங்கள் என்று மனைவி வாசலிலேயே மறிப்பாள். அதனால் நான் மோந்துதான் பார்க்கலாம், ருசி பார்க்க முடியாது. மூக்கு இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன்.

தொழிலாக மதிப்பிடுகிறவர்கள் விஸ்கியைச் சும்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்து நிறம் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், நாக்கின் நுனியில் வைப்பார்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து திரும்பவும் பார்ப்பார்கள். தண்ணீர் பட்டால்தான் உள்ளே ஒளிந்திருப்பது வெளியே வரும். அதற்கு நல்ல மென்மையான தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்டார். போத்தல் தண்ணீர் தரட்டுமா என்று மனேஜர் வாய் திறக்க முன்னமே நான் முந்திக்கொண்டேன். போத்தல் தண்ணீரில் மருந்து மணக்கும், கல்லடியில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், பாலத்தைத் தாண்டிப் பத்தே நிமிடத்தில் கொண்டுவருகிறேன் என்று அளந்தேன். ஊர்த் தண்ணீர் என்றதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் பறந்து போய், கிணற்றுத் தண்ணீர் வரும் முற்றத்துக் குழாயைத் திறந்து ஒரு கேன் பிடித்து வந்தேன். வெந்நீரில் கழுவி உலர்த்திய ஒன்பது கிளாஸ்கள், வெள்ளைத் தாள், பென்சில் எல்லாவற்றையும் மேசையில் கோடு போட்ட மாதிரி அடுக்கினேன்.

தண்ணீர் கலக்காமல் பார்த்தபோது பதினேழு வயதுதான் முன்னுக்கு நின்றது. நானும் மோந்து பார்த்தேன். காய்ந்த முந்திரிகைப் பழமும் வறுத்த தானியமும் சேர்ந்த வாசம். தண்ணீர் கலந்ததும் கதை தலைகீழானது. ஐந்து வயதுச் சரக்கு எடுப்பாக இருக்கிறது என்று மூன்று பேரும் சொன்னார்கள், அதில் கடல் தெரிகிறதாம். பதினேழு வயது சப்பென்று போய்விட்டதாம். அவர் திரும்பத் திரும்ப வாயில் வைத்துப் பார்த்தார். கடைசியில் தாளில் குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். மனைவி அவருடைய தோளில் கை வைத்தாள். கோப்பி குடித்துவிட்டு ஊருக்குச் செய்தி அனுப்புவோம் என்றார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே என்று கோப்பி எடுக்கக் குசினிக்குப் போனேன்.

குசினியில் எங்கள் தலைமைச் சமையல்காரர். ஏறாவூர் முஸ்லிம், என்னைவிட மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். மேசைச் சாடிக்கு ஊற்றியதுபோகக் கேனில் மிச்சம் கிடந்த தண்ணீரைக் கேத்திலில் ஊற்றி இரண்டு பேருக்கும் பிளேன்டீ போட்டு வைத்திருந்தார். அவர் ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்.

“தம்பி, இது எங்கத்த தண்ணி? உவர் கரிக்குதே.”

“எங்கட வீட்டுத் தண்ணி காக்கா. உங்கட நாக்குலதான் ஏதோ இரிக்கி.”

“எனக்கு ஒண்டுமில்ல. நீ குடிச்சுப் பாரு.”

குடித்தேன். எப்போதும் வீட்டில் குடிக்கிற தேநீர் மாதிரியே இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. அவர் ஹோட்டல் தண்ணீரில் இன்னொரு கோப்பை போட்டு நீட்டினார். அதைக் குடித்துவிட்டு முதல் கோப்பையைத் திரும்ப வாயில் வைத்தேன். அப்போதுதான் கரித்தது.

உடனே மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“விடியத் துவங்கி மோட்டர் ஓடுது. சடங்குக்கு வீடு கழுவின, கோயிலுக்கும் பைப் இழுத்துக் குடுத்த. ஏன், என்ன இப்ப?” என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் மணலுக்குள் மேலாகக் கிடப்பதுதான் நல்ல தண்ணீர். வாளியால் அள்ளினால் இனிக்கும். மழையில்லாத காலத்தில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உவர் மேலே ஏறிவிடும். கல்லடியில் பிறந்த எவருக்கும் இது தெரியும். அந்த உவரைக் குடித்துக் குடித்தே நாக்குப் பழகிப்போய்விடும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர்கள் ருசித்த கடல் எங்கள் வீட்டுக் குழாயில் வந்த உப்பு.

கோப்பித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் மனேஜர் முன்னால் மானம் போகும், தருகிறேன் என்ற பொறுப்பும் போகும். பீப்பாய்க் கதையை நான் முன்னமே காக்காவிடம் சொல்லியிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“மறுகா அந்த மனிசன் கலந்த பீப்பாயப் பிரிக்க ஏலுமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

தட்டை வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன். ஒல்லாந்துக்காரர் செய்தியைத் தட்டி முடித்து மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தயவுசெய்து அனுப்ப வேண்டாம் என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்குப் பார்த்துத் தடுமாறியது. தண்ணீர் உவர், தவறு என்னுடையது, நான் ருசி பார்க்காமல் கொண்டுவந்தேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். மனேஜர் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஒல்லாந்துக்காரர் சாடியில் இருந்த தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி ஒரு மிடறு குடித்தார். அவ்வளவு நேரமும் விஸ்கியைத்தான் ருசித்தாரே தவிரத் தண்ணீரைத் தனியாகக் குடித்துப் பார்க்கவில்லை. பிறகு மூன்று போத்தல்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆளுக்கு ஒரு வாய் அளவு மிச்சம் இருந்தது.

நான் மூன்று வகைப் போத்தல் தண்ணீரை எடுத்துப் போய்க் காக்காவிடம் கொடுத்தேன். எது நல்லது என்று சொல்ல என் நாக்கை நம்ப எனக்குத் துணிவில்லை. பிறந்ததிலிருந்து மதுவைத் தொட்டும் பாராத மனிதர், மூன்றையும் மெதுவாகக் குடித்துப் பார்த்து, இதுதான் என்று நடுவில் இருந்ததை என் பக்கம் நகர்த்தினார். புதுக் கிளாஸ், புதுத் தண்ணீர். ஒல்லாந்துக்காரர் பதினேழு வயதை வாயில் வைத்தார், கண்ணை மூடினார், நெடுநேரம் திறக்கவேயில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. போனை எடுத்துப் பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காக்காவைப் பார்க்க வேண்டும் என்று குசினிக்கே போய் அவருடைய கையையும் பிடித்துக்கொண்டார்.

மாதாந்த நிகழ்ச்சியை மனேஜர் எனக்குத் தரவில்லை. ஆறேழு மாதம் வேறொருவர் நடத்தினார், பிறகுதான் என் கைக்கு வந்தது. இப்போது நன்றாகவே நடத்துகிறேன், அதில் சந்தேகம் வேண்டாம். அந்தப் பதினேழு வயது விஸ்கி என்ன பெயரில் விற்பனைக்கு வந்தது, எவ்வளவுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, தேடிப் பார்க்கவும் இல்லை.

என் மூக்கில் எனக்கு இன்றும் முழு நம்பிக்கை உண்டு, ஆனால் என் வீடு, என் பிள்ளைகள், என் ஊர் என்று நான் நெஞ்சை நிமிர்த்திப் பேசத் தொடங்கும்போதெல்லாம், இதைக் குடித்துப் பழகாத ஒருவரிடம் முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்தாயா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறேன்.