பேர்ல் கார்டனுக்கு வந்த கடிதம்

எமிலியானுஸ் முப்பத்தொரு வருடம் மன்னாரில் தபால்காரராகக் கடிதம் கொடுத்தார். அதில் ஒன்றைத்தான் பிழையான ஊருக்கு அனுப்பினேன் என்று அவரே சொல்லுவார். அந்த ஒன்று எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் கனகம்மாவுக்கு வந்தது.

எங்கள் குடியிருப்பு தோட்டவெளிக்குப் போகும் வீதியோரம் இருக்கிறது. போர் முடிந்த பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் கட்டித் தந்த வீடுகள். நாங்கள் அந்த இடத்தை ஐம்பது வீடு என்று சொன்னோம். கட்டியது நாற்பத்தாறு. குடிவந்து ஆறு மாதத்தின் பின் ஒரு சனிக்கிழமை திறப்புவிழா வைத்து வாசலில் பலகை நட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் 'பேர்ல் கார்டன்' என்று எழுதியிருந்தது. பேர்ல் என்றால் முத்து, கார்டன் என்றால் தோட்டம் என்று வந்தவர் ஒருவர் விளக்கினார். உவர் மண்ணில் நட்டதெல்லாம் பட்டுப்போயிருந்தது. தப்பிய முருங்கையைக் கழுதை தின்றிருந்தது. என்றாலும் கை தட்டினோம்.

எமிலியானுஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் கடிதங்களைப் பிரிக்கும்போது, புது இடப்பெயர் எழுதிய உறைகளின் மூலையில் சனம் சொல்லும் பெயரைப் பென்சிலால் சிறிதாக எழுதிவிடுவார். தான் லீவில் நின்றால் வேறு ஆள் அலையக்கூடாது என்பதற்காக.

திறப்புவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு பதிவுத்தபால் வந்தது. முகவரி ஆங்கிலத்தில்: கனகம்மா, பேர்ல் கார்டன், மன்னார். எமிலியானுஸ் இன்னும் எங்கள் பலகையைப் பார்க்கவில்லை. மன்னாரில் முத்து என்றால் யாருக்கும் தெற்குக் கரையிலுள்ள சிலாவத்துறைதான். அங்கே முத்துக்குளிப்பைக் கண்ணால் கண்டவர் எவரும் இன்று இல்லை, ஆனாலும் அப்படித்தான். போரில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கு அங்கேயும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எமிலியானுஸின் பென்சில் மூலையில் 'சிலாவத்துறை' என்று எழுதியது. கடிதம் அந்தப் பையில் போய்விட்டது.

புதன்கிழமை எங்களுக்கும் அதே மாதிரிக் கடிதங்கள் வந்தன. அவற்றில் 'தோட்டவெளி வீதி' என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. வீடு எங்களுடையதே தவிர நிலம் இன்னும் எங்கள் பெயரில் இல்லை. வெள்ளிக்கிழமை அரச அலுவலகத்தில் காணிக் கச்சேரி என்று கடிதம் சொன்னது. கடிதத்தோடு வந்தால் விசாரித்துப் பத்திரம் தருவார்கள். கடிதம் காட்டாதவரின் வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும்.

கடிதம் கொடுக்க வந்த எமிலியானுஸ் பலகைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி அதை இரண்டு தரம் வாசித்தார். நேரே கனகம்மாவிடம் போனார். கனகம்மா தனி ஆள். இருபத்திரண்டு வருடத்தில் ஏழு இடம் மாறியவர்.

"அக்கா, உங்கட கடிதத்தைச் சிலாவத்துறைக்கு அனுப்பிப்போட்டன்."

"நான் அங்க இல்லையே தம்பி."

"பேர்ல் எண்டு கிடந்தது. கை தானா எழுதிப்போட்டுது."

"என்ர பெயரைப் பாக்கேல்லையோ?"

"இடத்தைத்தான் பாத்தனான்."

கனகம்மா படியில் இருந்தார். "முத்துக் குளிக்கிற வயசே எனக்கு?"

எமிலியானுஸ் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, தபால் கந்தோர் பூட்டு. வெள்ளி விடிய முதல் பஸ்ஸில போய் எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் கச்சேரியில போய் இருங்கோ."

"வந்து சேராட்டி?"

அவர் அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கச்சேரியில் என்னை ஒன்பதரைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகாமல் கனகம்மாவுக்குப் பக்கத்தில் வாங்கில் குந்தியிருந்தேன். பத்தரைக்கு அவருடைய பெயர்.

"கடிதம் எங்க அம்மா?" கிளாக்கர் கேட்டார்.

"வருது ஐயா."

"எங்கயிருந்து வருது?"

"சிலாவத்துறையிலயிருந்து."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிளாக்கர் சிரிக்காமல் அவருடைய பெயரைக் கடைசியில் போட்டார். "பன்னிரண்டுக்கு முடிச்சிடுவம்" என்றார். கனகம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பதினொன்றரைக்குப் பிறகு வாசலைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க, ஒரு மீன் லொறி வாசலில் நின்றது. பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து எமிலியானுஸ் இறங்கினார். காற்சட்டையில் ஐஸ் தண்ணீர் ஊறியிருந்தது. ஓடி வந்தவர் கடிதத்தை நீட்டாமல் பேனையை நீட்டினார்.

"முதல் கையெழுத்து வையுங்கோ அக்கா. பதிவுத்தபால். வைக்காமத் தர ஏலாது."

"இப்பவும் சட்டமோ தம்பி?"

"இப்பதான் கட்டாயம்."

கனகம்மா வைத்தார். கடிதத்தோடு உள்ளே போய், கால் மணித்தியாலத்தில் பத்திரத்தோடு வெளியே வந்தார். எமிலியானுஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி நடக்கையில்தான் எமிலியானுஸ் விபரம் சொன்னார். சிலாவத்துறைத் தபால்காரர் கலந்தர் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு புது வீடுகளில் வாசல் வாசலாகக் கேட்டிருக்கிறார். திரும்பிவர பஸ் இல்லை என்றதும் லொறியை மறித்து ஏற்றிவிட்டதும் அவர்தான்.

"கனகம்மா எண்டு தங்கட பக்கத்தில ஒருத்தரும் இல்லை எண்டு அவருக்கு அண்டைக்கே தெரியுமாம்" என்றார் எமிலியானுஸ்.

"பிறகேன் திருப்பி அனுப்பேல்ல?" கனகம்மா கேட்டார்.

"என்ர பென்சில் எழுத்து அவருக்குத் தெரியும். எமிலியானுஸ் எழுதினா அங்க ஆள் இருக்கும் எண்டு தேடினவராம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதைக் கேக்கத்தான் வெக்கமாப் போச்சு."

இப்போது பேர்ல் கார்டன் எங்களுக்குப் பழகிவிட்டது. கலியாணக் கார்டில், வங்கிப் படிவத்தில், கனடாவுக்குப் போகும் கடிதத்தில் அதைத்தான் எழுதுகிறோம். ஓட்டோக்காரரிடம் ஐம்பது வீடு என்கிறோம். டவுனைச் சுற்றி இப்படி வேறு பெயர்களும் வந்துவிட்டன. ஒரு 'சீ வியூ' இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வளவின் மதில் தெரியும். எமிலியானுஸ் அவை எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலை எடுத்தார், ஓய்வு பெறும்வரை.

எங்கள் பலகைக்குக் கீழே 'தோட்டவெளி வீதி' என்று தமிழில் எழுதுவித்தவர் கனகம்மா. பத்திரம் அவருடைய அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. பத்திரத்தை ஒரு புதுப் பிளாஸ்டிக் உறையில் போடச் சொல்லி நான் பல தரம் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பழைய உறையிலேயே வைத்திருக்கிறார். மூலையில் பென்சிலால் சிலாவத்துறை என்று இருக்கிறது.