இரண்டு வெள்ளிப் போணி

காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் நிற்கிறேன். என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய டாக்ஸி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. தங்கையின் கல்யாணப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாகிவிட்டது. கடைக்கார பாய் என் கார்டை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறார்.

"மெஷின் இருக்குதே, பாய்?"

"இருக்குதுமா. ஆனா இது காலைல மொத வியாபாரம். போணி கையில காசா வரணும். பக்கத்துலயே ஏடிஎம் இருக்குது, ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்கமா."

ஏடிஎம்மா! அங்கே பணம் எடுத்தால் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். வெளிநாட்டில் தேய்த்தாலும் கட்டணம் பிடிக்காத இந்தக் கார்டுக்காகச் சிங்கப்பூரில் வங்கி வங்கியாக ஏறி இறங்கியவள் நான். அந்த வீம்பில்தான் ஒரு ரூபாய் நோட்டுகூட இல்லாமல் ஊர் சுற்றுகிறேன்.

மறுபடி ஹாரன். கைப்பையைக் கவிழ்த்துக் கிளறுகிறேன். சிங்கப்பூர் டாலர் நோட்டு ஒன்று, இரண்டு வெள்ளி, அகப்படுகிறது. கூச்சத்தோடு நீட்டுகிறேன்.

"இதுவும் காசுதானேமா!"

பிஸ்மில்லா சொல்லி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். உடனே மெஷின் வருகிறது. வெள்ளியிலா, ரூபாயிலா என்று அது கேட்கிறது. வெள்ளி என்றால் மாற்று விலையில் கூடுதலாகப் பிடுங்கும். ரூபாயை அழுத்துகிறேன். கட்டணமாக ஒரு காசுகூடப் போகவில்லை.

வாசலில் மனம் கேட்காமல் திரும்புகிறேன். "பாய், அந்த நோட்டை மாத்தப் போனா கமிஷன் பிடிப்பாங்க."

நோட்டைக் கல்லாவின் அடியில் விரித்து வைத்துவிட்டு நிமிர்கிறார்.

"போணிக் காசப் போயி யாராவது மாத்துவாங்களாமா?"