தம்பி பொண்டாட்டியின் ஓ.டி.பி.

என் தம்பி பொண்டாட்டி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, அரசாங்க இணையதளத்தில் அவளுக்கென்று ஒரு கணக்குத் தொடங்கினோம். கணக்கு அவள் பேரில், போன் நம்பர் என்னுடையது. அவர்கள் வீடு கரியாலூருக்கு மேலே, கல்வராயன் மலையில். அங்கே சிக்னல் வேண்டுமானால் ஒரு பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். ஏறி இறங்குவதற்குள் ஓ.டி.பி. செத்துப்போகும். எனக்குச் சங்கராபுரத்தில் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் டைப்பிங் கடை. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று ஊருக்கே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவள் தம்பி பொண்டாட்டிக்குப் போட மாட்டாளா என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்று சொல்கிறேனே தவிர, வேறு யாராவது செய்கிறேன் என்று வந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அவள் மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தம்பி அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனான். அவள் அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். வேலைக் காலம் முடிந்து அவன் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், அவளும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். எங்கள் மலைக் கோயிலில் கல்யாணம், சங்கராபுரத்தில் பதிவு. அம்மா மட்டும் திரும்பிப் போனார். பிளேனில் வந்து இறங்கியவள் சாணி அள்ளுவாளா, சாமைக் கொல்லையில் களை பிடுங்குவாளா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அள்ளினாள், பிடுங்கினாள். என் தம்பியைவிட ஒழுங்காகவே செய்தாள்.

ஆனால் அவள் இங்கே இருந்தது விசாவில். அது தீரத் தீர நீட்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு தடவை நீட்டிப்பு வரத் தாமதமாகிவிட்டது. கிளம்பச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, ஒரு நீலப் பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்தாள். நீட்டிப்பு வந்துவிட்டது, பெட்டியை மட்டும் அவள் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தது. அவள் மகள், அப்போது சின்னக் குழந்தை, பெட்டிச் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் குடியுரிமை கிடைத்தால் அவள் யாரையும் கேட்காமல் தன் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டி என்றைக்கு வெளியே வருமோ தெரியாது. விஷயம் இவ்வளவுதான்.

விண்ணப்பிக்க வேண்டிய காலம் வந்ததும், பஸ் ஏறி என் கடைக்கு வர ஆரம்பித்தாள். கையில் தூக்குவாளி. நுழையும்போதே, "பசியாறிட்டீங்களா அக்கா?" என்பாள். அவர்கள் ஊரில் சாப்பிட்டாயா என்பதை அப்படித்தான் கேட்பார்களாம். முதலில் நான் கிண்டல் பண்ணினேன். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் என் வாயிலேயே அது வருகிறது.

பாஸ்வேர்டு நான்தான் வைத்தேன். என் தம்பியை நான் திட்டும் ஒரு சொல்லும் அவன் கல்யாண வருஷமும். மறக்கவே மறக்காது. அவளிடம் சொன்னதும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த இணையதளத்தோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. போட்டோ பெரிசு என்றது, சின்னதாக்கிக் கொடுத்தால் தெளிவில்லை என்றது. பாதி நிரப்பும்போது நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளும். மறுபடி உள்ளே போனால் முதலிலிருந்து. எனக்குச் சுர்ரென்று ஏறும். "உங்கப்பன் வூட்டு சொத்தையா கேக்கறோம்?" என்று ஒரு நாள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற பெரியவர், தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துப் பட்டாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவள்தான் ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தாள். திரும்பி வந்து என் தோளில் கை வைத்து, "இன்னொரு தடவ போடலாம் அக்கா, ஒண்ணும் ஆவாது," என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். நடந்தது எல்லாம் தலைகீழ்.

கூடவே ஒரு கடிதம் வைத்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். எதற்காகக் குடியுரிமை கேட்கிறாய் என்று எழுத வேண்டும். "நீயே சொல்லு, இன்னா எழுதட்டும்?" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "இங்க எனக்கு வேலை நெறைய கெடக்குதுன்னு எழுதுங்க அக்கா," என்றாள். அப்படி எழுதினால் வேலைக்கு வந்தவள் என்று நினைத்துவிடுவார்கள் என்று சொல்லி, கணவரோடும் குழந்தையோடும் நிரந்தரமாக வாழ விரும்புவதாக நான் ஒழுங்காக டைப் செய்தேன். அவள் சொன்னதுதான் நல்ல காரணம் என்று இப்போதும் எனக்குப் படுகிறது.

ஒரு வழியாக எல்லாம் ஏறியது. பிரிண்ட் எடுத்து, கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு என் வேலை, காலையில் கடையைத் திறந்ததும் கணக்கைத் திறந்து பார்ப்பது. சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவதுகூட அப்புறம்தான். பரிசீலனையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது. மழைக்காலம் போய் மாம்பழம் வந்துவிட்டது, அது மட்டும் பரிசீலனையிலேயே இருந்தது.

ஒரு நாள் மாறியிருந்தது. விண்ணப்பதாரர் அந்த முகவரியில் வசிப்பது விசாரணையில் உறுதியாகவில்லை, விளக்கம் தரவும்.

அந்த முகவரியில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறாள்? கடையை அப்படியே இழுத்துச் சாத்திவிட்டு, கச்சிராயபாளையம் போய் பஸ் மாறி மலை ஏறினேன். வழியெல்லாம் அந்தப் பெட்டிதான் கண்ணுக்குள் நின்றது.

தம்பி வீட்டுக்குப் பக்கத்து வீடு எங்கள் பெரியம்மா வீடு. போன வேகத்தில், "வூட்டுக்கு யாராச்சும் விசாரிக்க வந்தாங்களா?" என்று கேட்டேன். பெரியம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"வந்தானுங்களே, ரெண்டு பேரு வண்டில. ஒருத்தன் காக்கி பேன்ட்டு. வெளிநாட்டுக்காரங்க யாராவது இங்க இருக்காங்களான்னு கேட்டானுங்க. நானு வுடுவனா? வெளிநாட்டுக்காரங்க யாரும் இங்க இல்லீங்க, எல்லாம் நம்ம ஆளுங்கன்னு சொல்லிட்டேன். அவ பேரச் சொல்லியும் கேட்டானுங்க. அப்டி ஒருத்தியே கெடையாதுன்னேன்."

"தம்பியக் கேக்கலியா?"

"கேட்டானுங்க. அவன் கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிட்டான்னு எதிர்வூட்டுக்காரன் சொல்லிட்டான்."

தம்பியும் அவளும் அந்த நேரம் மேல்கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கூப்பிட்டால் காது கேட்கிற தூரம். வந்தவர்கள் இன்னும் நாலு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூட மாற்றிச் சொல்லவில்லை. கோயில் திருவிழாவுக்குத் தேதி வைக்க ஒன்றுசேராத ஊர், இதில் அத்தனை ஒற்றுமை.

எங்கள் மலையில் இது பழக்கம். சாராய ரெய்டு நடந்த காலத்திலிருந்து, காக்கி உடுப்பு வந்து யாரைக் கேட்டாலும் வாய் தானாக இல்லீங்க என்றுதான் சொல்லும். தப்புச் செய்தவனா செய்யாதவனா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தேடி வந்த ஆள் எதிரிலேயே நின்றாலும், அவன் முகத்தைப் பார்த்தபடியே அப்படி யாரும் இல்லை என்பார்கள். காக்கிச் சட்டை போட்ட பாவத்துக்குப் புதுத் தபால்காரர்கள்கூட மணியார்டரோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"அய்யோ பெரியம்மா, அவள காப்பாத்தறேன்னு குழி தோண்டி வச்சிருக்கியே," என்றேன். நடந்ததைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. புரிந்ததும் பெரியம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் கொல்லையிலிருந்து திரும்பிய தம்பி பொண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டாள். பெரியம்மாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே தள்ளியதை வாசலில் நின்றபடி பார்த்தேன்.

மறுநாளே விளக்கம் எழுதிக் கணக்கில் ஏற்றினேன். கலெக்டர் ஆபீசுக்கும் போனேன். அங்கிருந்தவர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மறுபடி விசாரணைக்கு வருவார்கள், அக்கம்பக்கத்தார் நாலு பேர் உண்மையைச் சொன்னால் போதும் என்றார்.

நாலு பேரைச் சொல்லவைப்பதுதானே கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து, பள்ளிக்கூடம் மாதிரி நடத்தினேன்.

"போலீஸ்காரரு வந்து வெளிநாட்டுக்காரங்க இருக்காங்களான்னு கேட்டா இன்னா சொல்லணும்?"

"இல்லீங்க," என்றார் எதிர்வீட்டுக்காரர். பழக்கதோஷம். நான் பார்த்த பார்வையில், "இருக்காங்க," என்று திருத்திக்கொண்டார்.

மற்றவர்களும் மெல்ல மெல்லத் தேறினார்கள். பெரியம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீடு என்பதால் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றார். "எங்க வூட்டுக்கு வாழ வந்த பொண்ணு. அவ புள்ளய மொதல்ல கையில வாங்கனவ நானு. அவள வெளிநாட்டுக்காரின்னு என் வாயால சொல்லணுமா? செத்தாலும் மாட்டேன்."

நான் கெஞ்சினேன், மிரட்டினேன், இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். அப்போது தம்பி பொண்டாட்டி எழுந்துபோய்ப் பெரியம்மா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அத்தை," என்றாள். "நீங்க ஒரு தடவ சொன்னாத்தான், அப்புறம் யாரும் சொல்ல மாட்டாங்க."

பெரியம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக்கு வருகிற தகவல் என் போனுக்குத்தான் வந்தது. முந்தின நாளே மலைக்குப் போய்விட்டேன். வந்த அதிகாரி நல்ல மாதிரியான ஆள். பெரியம்மா வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, பக்கத்து வீட்டில் வெளிநாட்டைச் சேர்ந்தவர் இருக்கிறாரா என்று கேட்டார். தம்பி பொண்டாட்டி இந்தப் பக்கம் என்னோடு நின்றிருந்தாள். என் கையைப் பிடித்திருந்தாள்.

"ஆமாங்க," என்றார் பெரியம்மா. "மலேசியாவுல பொறந்தவங்க. வெளிநாட்டுக்காரங்கதான். ரொம்ப வருசமா இங்கதான் இருக்காங்க. நல்லவங்க."

விடிந்தால் வாடி, போடி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல மரியாதை போட்டுச் சொன்னார். சொல்லி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் கையைப் பிடித்திருந்தவளின் பிடி இறுகியது. அதிகாரி எழுதி முடித்து, கொடுத்த பலாச்சுளையைத் தின்றுவிட்டுப் போனார். பெரியம்மா அன்று முழுக்க வெளியே வரவில்லை. இவள்தான் சாதம் கொண்டுபோய் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தாள்.

அதன் பிறகும் காத்திருந்தோம். குடியுரிமை தரச் சம்மதம், முதலில் மலேசியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்ததற்குச் சான்று வேண்டும் என்று வந்தது. அவள் அம்மா அந்த நாட்டில் இருக்கிறார். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தம்பியோடு சென்னையில் இருக்கும் மலேசியத் தூதரகத்துக்குப் போய்க் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்தாள். கொஞ்ச காலம் அவள் அந்த நாட்டுக்காரியும் இல்லை, இந்த நாட்டுக்காரியும் இல்லை. அந்த நாட்களில் நான் கடையில் ஒருத்தரோடும் சரியாகப் பேசவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் விழுந்து பிடுங்கினேன்.

கடைசியில் வந்தது. கள்ளக்குறிச்சியில் சான்றிதழை வாங்கிக்கொண்டு, தம்பி, அவள், நான் மூன்று பேரும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டீ குடித்தோம். அத்தனை பேர் பார்க்க நான் அழுதேன். அழுதால் என்ன, என் போனுக்கு வந்த ஓ.டி.பி. அத்தனையும் அந்தச் சான்றிதழில் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அவள் பெட்டியை இழுத்து, துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். எல்லாம் பூச்சி உருண்டை வாசனை அடித்தது.

அந்தப் பெட்டி மறுபடி வெளியே வந்தது, அம்மாவைப் பார்த்துவிட்டு வரப் புறப்படலாம் என்று அவள் முடிவு செய்தபோது. அதற்கு இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும். அதையும் நான்தான் விண்ணப்பித்தேன். அதே பாஸ்வேர்டு. போலீஸ் விசாரணைக்கு இன்றோ நாளையோ வருவார்கள் என்று சொல்லத்தான் அன்று மலைக்குப் போயிருந்தேன். சொல்வதற்கு முன்னால் காபியை நீட்டிவிட்டாள். நான் உள்ளே குடித்துக்கொண்டிருக்க, அவள் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டை போட்ட ஒரு போலீஸ்காரர் வண்டியில் வந்து நின்றார். புதிதாக மாற்றலாகி வந்தவர்போல, சின்ன வயசு.

"ஏம்மா, இங்க மலேசியாக்காரம்மா ஒருத்தங்க இருக்காங்களாமே. வெளிநாட்டுக்காரங்க. அவங்க வூடு எது?"

அவள் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வெளிநாட்டுக்காரங்க யாரும் இங்க இல்லீங்க," என்றாள். "எல்லாம் நம்ம ஆளுங்க."

அவர் சரி என்று தலையாட்டி வண்டியைத் திருப்பினார். பக்கத்து வீட்டு வாசலில் பெரியம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு, தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கவும் கை வந்தது. இரண்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காபியைக் கீழே வைத்துவிட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தெருவில் ஓடினேன்.