கைக்கணினியை அராவிய ஞாயிற்றுக்கிழமை

குவைத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, கொண்டுவந்த சாமான்களில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பிடிபடாதது அந்தக் கைக்கணினிதான். அவர் வேலை செய்த வீட்டில் புதிது வாங்கியதும் பழையதை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். குச்சியால் திரையைத் தொட்டால் வேலை செய்யும். பசறைக்கு மேலே தேயிலை மலையில் அதற்கு வேறு வேலை இல்லாததால், அதிலிருந்த பந்து விளையாட்டு எனக்குச் சொந்தமாயிற்று. நிறையப் புள்ளிகள் எடுத்து, முதலிடத்தில் என் பெயரைப் பதித்து வைத்திருந்தேன்.

சில மாலைகளில் அத்தை அதைக் காதில் வைத்துக் கேட்பார். அந்த வீட்டுச் சின்னப் பையன் பேசியதைப் பதிந்து வைத்திருந்தார். அவனைப் பிறந்ததிலிருந்து வளர்த்தவர் அத்தைதான். அவன் அரபியில் எதையோ சொல்லிச் சிரிப்பான். எப்போது முடியும், விளையாட்டு எப்போது என் கைக்கு வரும் என்று நான் பக்கத்திலேயே காத்திருப்பேன்.

அத்தை வந்த பிறகு அம்மாவும் வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போனார். லயத்தில் அப்போது போன் இல்லை. ஊருக்குத் திரும்பிய பூனாகலைத் தோட்டத்துப் பெண் ஒருவரிடம், தபால் தலை அளவில் ஒரு மெமரி கார்டைக் கொடுத்தனுப்பினார். எனக்காகப் பேசிப் பதிந்திருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஆனால் கைக்கணினியின் வாய், தீப்பெட்டி அளவுக் கார்டுக்கென்று செய்தது. இந்தக் கார்டு அதற்குள் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான்.

பதுளை டவுனில் ரேடியோ திருத்தும் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சின்னக் கார்டைச் செருகினால் பெரிய கார்டாகிவிடும் அடாப்டர் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார். அதுவும் நுழையவில்லை. வாயைவிடக் கொஞ்சம் தடிப்பு. மூடியைக் கழற்றி உள்விளிம்பை அராவினால் சரியாகிவிடும் என்றவர், அத்தையைப் பார்த்துத் தயங்கினார்.

"மதினி, தொறக்கணும்னா பேட்டரிய கழட்டணும். கழட்டினா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்."

முன்கூட்டியே எடுத்துவைக்க வழியில்லையா என்று அத்தை கேட்டார். அதற்குத் தனிக் கேபிளும் கம்ப்யூட்டரும் வேண்டும், தன்னிடம் இரண்டும் இல்லை என்றார் மாமா. அவசரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். நான் கார்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். அத்தை கைக்கணினியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி, அதைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து மாமா முன்னால் வைத்தார்.

"கழட்டுங்க. புள்ள அவங்கம்மா சத்தத்த கேக்கட்டும்."

மாமா மெதுவாக அராவினார். பாயெல்லாம் சாம்பல் நிறத் தூள். ஓர் ஓரம் பட்டென்று உடைந்தது. கடைசியில் அடாப்டர் உள்ளே போயிற்று. பின்மூடி பொருந்தவில்லை, அதை ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். திரை வெளிச்சமானதும், நான் முதலில் விளையாட்டைத்தான் திறந்து பார்த்தேன். என் பெயரைக் காணோம். அழுதேன். திரும்ப விளையாடினால் வந்துவிடும் என்று அத்தைதான் சமாதானம் சொன்னார்.

பிறகு அம்மா பேசினார். ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா, தலைக்கு எண்ணெய் வைக்கிறேனா என்று கேட்டார். நடுவில் தூரத்தில் ஒரு குழந்தை அழுதது. "இருடா கண்ணு, வாரேன்" என்றார் அம்மா. என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். அதனால் என்னிடம் வருவதாகத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் பேச்சு முடிந்தது. மாமா அரத்தைத் துடைத்துப் பையில் வைத்தார். அத்தை மட்டும், அந்தக் குழந்தை அழுகிற இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். மறுபடியும் கேட்டார். அம்மாவின் குரல் அத்தைக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.