ஒத்தைப் பிள்ளைக்குச் சின்னவன் என்று பேர்

பிரிஞ்சாங் மலையில் என்னைத் தெரியாத ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் வளர்ந்தவன். மூணாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இன்றைக்கு ஆறு லாரி ஓடுகிறது. திரிங்காப்புக் காய்கறித் தோட்டங்களிலிருந்து கோஸ் கீழே இறங்குகிறது என்றால் என் லாரி இல்லாமல் இறங்காது. சந்தையில் சீனர்கள் என்னைத் தவ்கே, முதலாளி என்பார்கள், மாதா கோயிலில் பெரியவர் என்பார்கள். அம்மா மட்டும் கடைசி வரைக்கும் சின்னவனே என்றுதான் கூப்பிட்டாள்.

அவளுக்கு நான் ஒரே பிள்ளை. முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. ஒத்தைப் பிள்ளையை எதற்குச் சின்னவன் என்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. நான் ஆள் குள்ளம், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஈப்போவிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். காலேஜில் சரித்திரம் நடத்துகிறவர். ஜப்பான்காரன் காலத்தில் பெண்கள் பட்ட பாட்டை நாவலாக எழுதுவாராம். பழைய தோட்டத்து ஆட்களைத் தேடி வந்ததாகச் சொன்னார். நான் அந்தச் சண்டை முடிந்த பிறகு பிறந்தவன்தான். அதனால் என்ன? நாற்காலி போட்டு உட்கார வைத்து, அப்பா செத்தது, பத்து வயதில் வேலைக்குப் போனது, முதல் லாரி எடுத்தது எல்லாம் இரண்டு மணி நேரம் சொன்னேன். அவர் ஆரம்பத்தில் எழுதினார். அப்புறம் பேனாவை மூடிவிட்டார்.

"ஐயா, அம்மாகிட்ட கொஞ்சம் பேசலாங்களா?"

"அதுக்கு என்னங்க தெரியும்? கொழுந்து கிள்ளத்தான் தெரியும்."

சமையல்கட்டிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "அவனை விட்டா டயர் மாத்துன கதையையும் சொல்லுவான். நீ இப்படி வா தாயி."

அதற்குப் பிறகு நாலைந்து தடவை வந்தார். இரண்டு பேரும் சமையல்கட்டில்தான் உட்காருவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். "சின்னவனே, லாரி வந்துருச்சா பாரு" என்று அம்மா என்னை அனுப்பிவிடுவாள்.

அம்மா போய் இப்போது ஏழு வருஷம். போன மாதம்தான் புத்தகம் வந்தது. என் கதை புத்தகமாக வருகிறது என்று கோயிலில் முன்னமே சொல்லிவைத்திருந்தேன். ஐம்பது புத்தகம் வரவழைத்தேன், பூசை முடிந்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று. கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிட வேண்டும் இல்லையா? கியா பார்மில் எனக்கு ஒரு ஸ்ட்ராபெரி கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு வரி விடமாட்டேன். நூறு பக்கம் தாண்டியும் லாரியே வரவில்லை.

வந்தது ஒரு பெண். கீழே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். புருஷனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அவன் திரும்பியது சண்டை முடிந்த பிறகுதான். கையில் மூன்று வயதுப் பெண் பிள்ளை. அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளப்பார்கள். காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு அளவு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லையென்றால் இரண்டு பேருக்கும் சோறு கிடையாது. விட்டுவிட்டுப் போனாள். மத்தியானம் வந்தபோது பிள்ளை செத்திருந்தது.

அவள் அழவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ரப்பர் மரத்தடியில் தானே தோண்டிப் புதைத்து, மேலே சருகைப் பரப்பிவிட்டாள். மறுநாள் பெரட்டில் கணக்கு எழுதுகிற கிராணி கேட்டதற்கு, "காய்ச்சல்ல படுத்திருக்குங்க" என்றாள். பிள்ளையின் பங்கு அரிசியையும் வாங்கினாள். வீட்டுக்கு வருகிறேன், பிள்ளையைக் காட்டு என்று கிராணி சொன்ன நாள் வரைக்கும் வாங்கினாள். பொங்கித் தின்றாள்.

அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

அம்மா சோறு தின்னமாட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு, சப்பாத்தி. கேட்டால் ஒத்துக்காது என்பாள். என் கல்யாணத்தில் ஊரையே கூட்டிப் பிரியாணி போட்டேன். அவள் முந்தானையில் ரொட்டியை முடிந்து வந்து தின்றாள். "மானத்த வாங்காதம்மா" என்று சத்தம் போட்டேன்.

"நீ தின்னு சின்னவனே" என்றாள்.

கடையில் ஒரு சீனத்தி வந்து இரண்டு டப்பா கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன், மீதி கொடுத்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. விடிகாலையில் குழாய்த் தண்ணீரில் கோஸ் கழுவினால் கை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போகுமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இது எங்கம்மாவா?"

"நாவல்தாங்க ஐயா."

"நீங்க சரித்திரம் படிச்சவங்க. எது நெசம், எது நீங்க கட்டுனதுன்னு சொல்லிருங்க."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். 'கதையா எழுது தாயி, கதைன்னா யாரும் எம்மவனப் புடிச்சுக் கேக்கமாட்டாங்க'ன்னு சொன்னாங்க."

சொல்லமாட்டேன் என்று சொன்னதிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்.

"அந்தப் புள்ள பேரு?"

"பேரு மட்டும் நான் வெச்சதுங்க. உங்கம்மா கடைசி வரைக்கும் பேரு சொல்லல. 'பெரியவ, பெரியவ'ன்னுதான் சொன்னாங்க."

போனை வைத்தேன். லாரி ஏற்ற ஆள் குறைகிறது என்று திரிங்காப்பிலிருந்து கூப்பிட்டார்கள். போய் நின்று ஏற்றிவிட்டேன். கூடைக்கணக்கு ஒன்றும் தப்பவில்லை. அந்த ஐம்பது புத்தகமும் கிடங்கில் கோஸ் கூடையில் கிடக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பதற்கு, செத்தவர்கள் பேரை எழுதுவார். வருஷா வருஷம் நான் கொடுப்பது அப்பா பேர், அம்மா பேர், இரண்டுதான்.

"பெரியவரே, எங்க உங்க புத்தகம்? ஊரெல்லாம் சொல்லிட்டு இப்ப சத்தத்தையே காணோம்."

"அதுல நான் இல்ல லா. எல்லாம் கதை."

"நீங்க இல்லாம ஒரு கதையா!" என்று சிரித்தார். அப்பா பேரை எழுதினார், அம்மா பேரை எழுதினார். பேனாவை மூடப் போனார்.

"இன்னொண்ணு எழுதுங்க" என்றேன். "பெரியவ."

"அது பேரு இல்லையே. ஞானஸ்நானப் பேரு சொல்லுங்க."

"தெரியாது. 'பெரியவ'ன்னே எழுதுங்க."

கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு யாரு?"

பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். என்னை யாரும் கேட்கக்கூடாது என்றுதான் அம்மா அவ்வளவு பாடுபட்டாள். இவர் கேட்டுவிட்டார்.

"அக்கா" என்றேன். எழுபத்தேழு வயதில் அந்தச் சொல்லை முதல் தடவையாக எனக்காகச் சொல்கிறேன். வாயில் ருசியே இல்லை.

அவர் எழுதிக்கொண்டார். "அடுத்தது" என்றார். நான் நகர்ந்து வழிவிட்டேன்.